வாழ்க்கையை முதலில் வரைந்துவிட்டு, தொழிலை அதற்குள் வைக்கலாமா?

கேள்வி, பிப்ரவரி 4

11 வருடமாக ஒரே நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணம் வந்து ஒரு வருடம் ஆகிறது. என் நிபந்தனை இரண்டுதான். மாலை 4 மணிக்கு மேல் வேலை இருக்கக் கூடாது. வருடத்தில் 2 மாதம் பயணம் போக வேண்டும். இதைச் சொன்னாலே எல்லோரும் சிரிக்கிறார்கள். "முதலில் தொழிலைத் தூக்கி நிறுத்து, வாழ்க்கை தன்னால் பின்னால் வரும்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

பிப்ரவரி 4, இரவு 9.40

சரியில்லை. பின்னால் வராது.

பழைய கேமரா லென்ஸ்களைப் பழுது பார்ப்பது என் தொழில். தனி ஆள், 9 வருடம் ஆகிறது. காலை 8 மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் பகல் 1 மணிக்கு எழுந்துவிடுவேன். மகள் பள்ளி விட்டு வரும்போது நான் வீட்டில் வேறு வேலை இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் நான் போட்ட முதல் விதி. எந்தத் தொழில் என்று முடிவு செய்ததே அதற்கு அப்புறம்தான்.

ஏன் பின்னால் வராது என்றால், முதல் ஆறு மாதத்தில் தொழிலுக்குப் பிடிக்கும் பழக்கம் லேசில் போகாது. இரவு 10 மணிக்கு ஃபோன் எடுத்து முதல் 20 வாடிக்கையாளரைப் பிடித்தீர்கள் என்றால், அவர்கள் அடுத்த 20 பேரிடம் "எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். புதிதாக வருபவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள். ஐந்தாவது வருடத்தில் திடீரென்று மாலை 4 மணிக்குக் கதவைச் சாத்தினால், அவர்கள் கண்ணில் நீங்கள் பேச்சு மாறியவர். முதல் நாளிலிருந்தே 4 மணிக்குச் சாத்துபவரிடம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒத்துவராதவர்கள் வாசலோடு போய்விடுவார்கள்.

பிப்ரவரி 4, இரவு 10.25

முக்கியமானதை விட்டுவிட்டேன். தொழில் தேடும்போது "எனக்கு எது பிடிக்கும்" என்று எல்லோரும் தங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். இன்னொன்றும் கேளுங்கள்: இந்த வாடிக்கையாளருக்கு எப்போது அவசரம் வரும்? அவருக்கு அவசரம் வரும் நேரமெல்லாம் உங்கள் வேலை நேரம்.

என் வேலையிலேயே பாருங்கள். நாளைக்குப் படப்பிடிப்பு வைத்திருப்பவரின் லென்ஸ் இன்று மாலை மக்கர் செய்தால் அவருக்கு இன்று இரவே வேண்டும். தாத்தா விட்டுப்போன லென்ஸைப் பரணிலிருந்து எடுத்தவருக்கு அப்படியில்லை. 30 வருடம் பெட்டிக்குள் கிடந்தது இன்னும் 4 வாரம் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இரண்டு பேருக்கும் செய்கிற வேலை ஒன்றே, எடுக்கிற ஸ்க்ரூடிரைவரும் ஒன்றே. நான் இரண்டாமவரை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கணக்கு வேலையும் அப்படித்தான். சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுப்பதென்றால் எந்த மாதக் கடைசியும் உங்களுடையது கிடையாது. வரித் தாக்கல் என்றால் கெடு நெருங்கும் வாரங்களில் தூக்கம் போகும். ஆனால் அது எந்த வாரங்கள் என்று முன்கூட்டியே தெரியும், முடித்துவிட்டு 2 மாதம் கிளம்பலாம். பல வருடமாகக் குழம்பிக் கிடக்கும் கணக்குப் புத்தகங்களைச் சீர் செய்து கொடுப்பது, ஒரு பொருளைச் செய்ய உண்மையில் என்ன அடக்கம் ஆகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது, இந்த மாதிரி வேலைக்கு இரவில் யாரும் கூப்பிட மாட்டார்கள். மூன்று வகையையும் உங்கள் இரண்டு நிபந்தனையோடு வைத்துப் பாருங்கள், எது நிற்கும் என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 6

"அவசரமில்லாதவர் காசும் தரமாட்டாரே?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. அவசரத்துக்குக் கூலி அதிகம், அதை மறுக்க முடியாது. அதனால்தான் கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும்.

பெரும்பாலும் வருமானத்தில் தொடங்கி நேரத்துக்கு வருவார்கள். நான் நேரத்தில் தொடங்கினேன். நாளுக்கு 5 மணி நேரம், வாரத்துக்கு 25. அதில் கையில் கருவி இருக்கும் நேரம் 15தான். பார்சல் பிரிப்பது, கட்டுவது, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, உதிரிப் பாகம் தேடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் சேர்ந்து மீதி 10ஐயும் தின்றுவிடும். தொழில் தொடங்காதவரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார், நானும் நம்பவில்லை. ஒரு லென்ஸுக்குச் சராசரி இரண்டரை மணி நேரம். ஆக வாரத்துக்கு 6, மாதத்துக்கு 24.

இப்போது மாதாந்திர வீட்டுச் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி, கருவி, உதிரி, சரிசெய்ய முடியாமல் காசு வாங்காமலே திருப்பி அனுப்புகிறவை, இதற்கெல்லாம் 30. மொத்தம் 130. அதை 24ஆல் வகுத்தால் 5.4. ஒரு லென்ஸுக்கு அவ்வளவு வாங்கியே ஆக வேண்டும். அவ்வளவு கொடுக்க ஆள் உண்டா என்று தேடினேன். முதல் சுற்றில் இல்லை. சாதாரண லென்ஸுக்கு அத்தனை கூலி கொடுப்பதற்கு அதே மாதிரி இன்னொன்றை வாங்கிவிடலாம். அதனால் இப்போது தயாரிப்பிலேயே இல்லாதவை, குடும்பத்தில் கைமாறி வந்தவை என்று வட்டத்தைச் சுருக்கினேன். கூடவே 100 என்ற எண்ணையும் குறைத்தோம். காரை விற்றோம், சிறிய வீட்டுக்கு மாறினோம். விலையை மாற்றினேன், செலவை மாற்றினேன். 25 மணி நேரத்தை மட்டும் தொடவில்லை.

பிப்ரவரி 7

ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். மாதம் 24 என்பது தவறு. நான் வருடத்தில் 44 வாரம்தான் வேலை செய்கிறேன். 44 பெருக்கல் 6, 264. அதை 12ஆல் வகுத்தால் மாதம் 22. 130ஐ 22ஆல் வகுத்தால் 5.9. கேள்வி கேட்டவர் 2 மாதம் பயணம் போக விரும்புவதால் அவருக்கு இந்தத் திருத்தம் ரொம்ப முக்கியம். ஊரில் இல்லாத வாரங்களின் வீட்டுச் செலவு, வேலை செய்யும் வாரங்களின் பில்லில் ஏறியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 11

"முதல் 5 வருடம் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்காத தொழில் நிற்காது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. சொந்தத் தொழிலா, கூலி வேலையா என்று உடம்பு கேட்பதில்லை. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 மே மாதம் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் கூடுதல், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதம் கூடுதல்.

1919இல் அந்தத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த முதல் உடன்படிக்கையே, ஆலை வேலையை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்குள் நிறுத்துவதற்குத்தான். அடுத்தவர் ஆலையில் உழைப்பவருக்காக அப்போதே கேட்கப்பட்ட வரம்பை, நமக்கு நாமே முதலாளி ஆனதும் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

பிப்ரவரி 11, இரவு

நான் எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். 4ஆம் தேதிக் குறிப்பைப் படிப்பவருக்கு, தொழில் தொடங்கிய முதல் நாளிலிருந்தே நான் வாரம் 25 மணி நேரம்தான் உழைத்தேன் என்று தோன்றும். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை. சம்பள வேலையை விடுவதற்கு முன் 14 மாதம், மாலையிலும் சனிக்கிழமையிலும் கெட்டுப்போன லென்ஸ்களை மொத்தமாக வாங்கிக் கழற்றிப் பூட்டிக் கற்றேன். எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 50 மணி நேரத்துக்குக் குறையாது. 70 என்று சொன்னவர்களுக்கு இந்த அளவு நான் விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் அப்போது வாடிக்கையாளர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அந்த நேரம் முழுக்க நான் கற்பதற்கு. கற்று முடிந்ததும் அது நின்றுவிட்டது. வாடிக்கையாளருக்கு ஒரு முறை கொடுத்துவிட்ட மாலை நேரம் அப்படித் திரும்பி வருவதில்லை.

பிப்ரவரி 13

"லென்ஸ் கழற்றக் கற்க 14 மாதமா?"

ஃபோகஸ் வளையம் இறுகிப்போன ஒரு பழைய 50 எம்எம் லென்ஸை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஹெலிகாய்டு என்று ஒரு பாகம், ஒன்றுக்குள் ஒன்று சுழன்று முன்னும் பின்னும் போகும் மரை. அதிலிருக்கும் கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி ஆகியிருக்கும். முழுக்கப் பிரித்து, பழைய கிரீஸை வழித்தெடுத்து, புதிது தடவித் திரும்பப் பூட்ட வேண்டும். சிக்கல் என்னவென்றால் அந்த மரைக்குப் புரி ஒன்று இல்லை, பல. தவறான புரியில் பிடித்தாலும் ஏறிக்கொள்ளும். வெண்ணெயாகச் சுழலும். கேமராவில் மாட்டித் தூரத்து மலையைப் பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு திருப்பினாலும் மலை தெளியாது.

அதனால் இரண்டு பாகமும் பிரிகிற அந்த இடத்தில் ஊசியால் ஒரு கீறல் போட வேண்டும். பிரியும்போது சத்தம் வராது. விரலுக்கு மட்டும் ஒரு சின்னத் தளர்வு தெரியும், அங்கே நிறுத்த வேண்டும். ஒரு பல் தாண்டிவிட்டாலும் பிறகு ஒவ்வொரு புரியாக மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்ப்பதுதான் வழி, பாதி நாள் போகும். அந்தத் தளர்வை விரல் பழகிக்கொள்ள எனக்கு 40 லென்ஸ் ஆனது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. அவசரப்பட்டால் கெட்டுப்போகும் வேலை என்பதால்தான் இதை எடுத்தேன். "இன்றைக்கே முடியுமா" என்று கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல நான் சாக்குத் தேட வேண்டியதில்லை. காரணம் வேலைக்குள்ளேயே இருக்கிறது, கேட்பவருக்கும் புரிகிறது.

மார்ச் 2

"இரண்டாமவரை மட்டும் எடுத்துக்கொண்டேன்" என்று முதல் நாள் எழுதினேன். 8 மாதம் அந்த விதியை மீறியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தொடர எனக்கு மனம் இல்லை.

மூன்றாம் வருடம், கேமராக்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம் வந்தது. மாதம் 15 லென்ஸ் நிச்சயம் என்றார்கள். என் மொத்தமே 22. மாதா மாதம் வாடிக்கையாளரைத் தேடும் கவலை போகும் என்று ஒத்துக்கொண்டேன். முதல் இரண்டு மாதம் 4 வாரக் கெடு. பிறகு 2 வாரம். பிறகு "வெள்ளிக்கிழமைக்குள்". மறுத்துப் பேச முடியவில்லை, வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் கையில் இருந்தது. மாலையில் உட்கார ஆரம்பித்தேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும்.

மகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் மேசைக்கு எதிரில் நின்று, பிரித்து வைத்திருக்கும் லென்ஸைக் காட்டி "இது யாருது?" என்று கேட்பாள். இது கப்பலில் வேலை பார்த்த ஒருவருடையது, இது ஓர் அம்மா தன் குழந்தைகளை மட்டுமே படம் எடுத்தது என்று கடிதத்தில் எழுதி வந்ததைச் சொல்வேன். அந்த மாதங்களில் "கம்பெனிது" என்றுதான் சொல்ல முடிந்தது. நாலைந்து வாரத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியது எனக்கு உறைக்கவே இன்னும் இரண்டு மாதம் ஆனது.

2 மாத அவகாசம் சொல்லி விலகினேன். அடுத்த 4 மாதம் வருமானம் பாதிக்கும் கீழே போனது, சேமிப்பில்தான் ஓட்டினோம். அன்றிலிருந்து ஒரு விதி: எந்த ஒருவரிடமிருந்தும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரக் கூடாது.

மார்ச் 3

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. அந்த 8 மாதப் பணத்தில்தான் கோலிமேட்டர் வாங்கினேன். லென்ஸ் முடிவிலித் தூரத்துக்குச் சரியாக ஃபோகஸ் ஆகிறதா என்று மேசையிலேயே பார்க்கும் கருவி. அது இல்லாத காலத்தில் வானம் தெளியக் காத்திருந்து மாடிக்குப் போவேன். ஆகவே பெரிய வாடிக்கையாளரே கூடாது என்று சொல்ல மாட்டேன். இன்று வந்தால், "ஆறு மாதம், இந்தத் தேதியோடு முடியும்" என்று எழுதி வாங்கிக்கொண்டு எடுப்பேன். அன்று முடிவுத் தேதி போடாமல் சரி என்றதுதான் தவறு.

மார்ச் 20

மலையேறுபவர்களுக்கான உடைகள் விற்கும் அமெரிக்க நிறுவனமான படகோனியாவைத் தொடங்கிய இவான் ஷுனார்டை உதாரணம் காட்டி, "பிடித்ததைச் செய்தும் பெரிதாகலாமே" என்று ஒருவர் கேட்கிறார். ஆகலாம். ஆனால் அவர் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது தொடக்கத்தைத்தான். 1957இல் பழைய உலை ஒன்றை வாங்கிக் கொல்லு வேலையைத் தானே கற்றார், தான் மலை ஏறும்போது பாறை இடுக்கில் அறைந்து கயிறு மாட்டும் எஃகு ஆணிகளைச் செய்வதற்காக. குளிர்காலத்தில் உலை. ஏப்ரல் முதல் ஜூலை வரை கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பாறைகள். வெயில் ஏறியதும் உயரமான மலைகள். காரின் பின்புறத்தில் சரக்கை வைத்து விற்றுத்தான் அந்த வாழ்க்கையை ஓட்டினார். ஆண்டின் எந்த மாதம் எங்கே இருப்பது என்பதை முதலில் மலைதான் முடிவு செய்தது, உலைக்கு மிச்ச மாதங்கள். லாபம் மெலிந்துதான் இருந்தது, அந்த வருடங்களில் செலவும் மெலிந்தது.

இன்னொன்றும் பிடிக்கும். ஆணிகளை அடித்து அடித்துப் பாறை சிதைகிறது என்று தெரிந்ததும், தன் வியாபாரத்தின் முக்கியப் பொருளாக இருந்த அதிலிருந்தே விலக ஆரம்பித்தார். 1972 விலைப்பட்டியலில், சுத்தியல் இல்லாமல் கையாலேயே பாறை இடுக்கில் செருகி எடுக்கும் அலுமினியத் துண்டுகளை முன்வைத்தார். எதற்காகத் தொழில் தொடங்கினாரோ அந்தப் பாறையைத் தொழிலே அழிக்க விடவில்லை.

ஏப்ரல் 9

"இது தொழில் இல்லை, உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்ட வேலை." இதை எழுதியவர் குறையாகச் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்கிறேன். நான் நிறுத்தினால் இது நின்றுவிடும், விற்கவும் முடியாது. நான் விரும்பிய வாழ்க்கைக்கு இது போதும். தான் இல்லாமலும் ஓட வேண்டும் என்பவர் ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆள் வைத்த அன்றே அவருடைய வாழ்க்கையும் திட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

கார்ன் ஃப்ளேக்ஸ் தயாரித்த டபிள்யூ. கே. கெல்லாக், 1930 டிசம்பரில் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் ஊரிலிருந்த தன் ஆலையில் 8 மணி நேர ஷிஃப்ட் மூன்றை 6 மணி நேர ஷிஃப்ட் நான்காக மாற்றினார். பொருளாதார மந்தக் காலம், கூடுதல் பேருக்கு வேலை கிடைத்தது, இருந்தவர்களுக்கு மாலை கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொரு பிரிவாக வாக்களித்து 8 மணி நேரத்துக்குத் திரும்பினார்கள், கூடுதல் சம்பளம் வேண்டும் என்று. சில பிரிவினர் மட்டும் 6 மணி நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1985இல் அதுவும் முடிந்தது. முதலாளி மனதில் வைத்த நல்ல வாழ்க்கையும் தொழிலாளி கேட்கும் நல்ல வாழ்க்கையும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்ள முடியாது. ஆள் வைப்பதாக இருந்தால், உங்கள் நாளை எப்படி வரைந்தீர்களோ அப்படி அவரையும் உட்கார்ந்து வரையச் சொல்லிக் கேளுங்கள்.

மே 27

இங்கே எழுதி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. 5 வாரம் மேசையைத் தொடவில்லை.

முதல் நாள் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தே, வரிசையில் இருந்த 31 பேருக்கும் எழுதினேன். 28 பேர் "மெதுவாகச் செய்யுங்கள்" என்றார்கள். 3 பேர் திருப்பிக் கேட்டார்கள், அனுப்பிவிட்டேன். அந்த 28 பதில்களையும் இரவில் மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தன் அப்பாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அவசரமில்லாதவர்களைத் தேர்ந்தெடுத்தது மகளுக்காக என்று இத்தனை நாள் நினைத்தேன், இந்த முறை அது அப்பாவுக்கு உதவியது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், கைத்தடியோடு நடக்கிறார்.

வருமானம் 5 வாரமும் பூஜ்யம். 6 மாதச் செலவு கையிருப்பில் இருந்ததால் சமாளித்தோம். பிப்ரவரி 6 கணக்கில் நான் கையிருப்புக்கு என்று எதுவும் ஒதுக்கவில்லை. அந்த 30ஐ 40ஆக வைத்துக்கொள்ளுங்கள். 140ஐ 22ஆல் வகுத்தால் 6.4. இன்னொன்று, திருப்பிக் கேட்ட அந்த 3 லென்ஸையும் நானே வந்து தேடிக் கட்ட வேண்டியிருந்தது. இதே வேலை செய்யும் வேறொருவரோடு இப்போது ஓர் ஏற்பாடு: ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் வந்து பொருள்களைப் பத்திரமாக உரியவருக்கு அனுப்ப வேண்டும். வரிசைப் பட்டியலின் நகல் இருவரிடமும் இருக்கிறது.

ஜூன் 30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். குழம்பிய கணக்குகளைச் சீர் செய்யும் வேலையை எடுத்திருக்கிறாராம். சம்பள வேலையை விடாமல், சனிக்கிழமைகளில் மட்டும், 3 வாடிக்கையாளர். அதில் ஒருவர், நல்ல கூலி கொடுப்பவர், தினமும் இரவு 7 மணிக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்கிறாராம். "பத்து நிமிடம்தானே, ஒத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். இவர் உங்கள் மூன்றாவது வாடிக்கையாளர். இன்னும் 20 பேர் இவரைப் போலவே கேட்பார்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, தன் கணக்கு என்ன ஆகிறது என்ற பதற்றம் அவருக்கு. அதைத் தீர்க்க வேறு வழி கொடுங்கள். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

"உங்கள் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறேன், உங்களிடமிருந்து எனக்கு எந்தத் தாள்கள் வேண்டும் என்ற மூன்றையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை 4 மணிக்குள் எழுதி அனுப்பிவிடுகிறேன். பேச வேண்டியது இருந்தால் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பேசலாம். மற்ற நாள் மாலைகளில் நான் வேலை பார்ப்பதில்லை."

மன்னிப்பு எதுவும் சேர்க்காமல் இதை அப்படியே அனுப்புங்கள். அனுப்பிவிட்டு ஃபோனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று காலையில் பார்த்துக்கொள்ளலாம்.